கையில் தீ, முகத்தில் சிரிப்பு

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பரத அரங்கேற்றம் என்ற செய்தியை வீட்டில் வாசித்துக் காட்டினேன், எல்லோருக்கும் சந்தோசம். இங்கே ஹட்டன் பக்கம் மழை விட்டபாடில்லை. தேயிலைக் கொழுந்து நன்றாக வருகிறது, சம்பளம்தான் பழையபடி. சரி, அதை விடு.

கையில் தீயை வைத்துக்கொண்டு நடராசர் எப்படிச் சிரித்த முகமாக ஆடுகிறார் என்று பிள்ளை கேட்டாளாமே. அந்தக் கேள்வி மனசில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சைவ சித்தாந்தம் சொல்வதை நீயே அவளுக்குச் சொல்லலாம். உடுக்கை படைப்பு, அபய கரம் காப்பு, தீ அழிப்பு. காலடியில் கிடக்கும் முயலகன் என்ற அசுரன் மேல் ஊன்றிய பாதம் மறைப்பு, தூக்கிய திருவடி அருள். ஐந்தும் ஒரே ஆட்டத்துக்குள். கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிப்போனால், பொலன்னறுவைச் சிவன் கோயிலில் 1907-08 காலத்தில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த நடராசரை அவள் பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

ஆனால் எனக்கு இது விளங்கியது சிலையைப் பார்த்தல்ல மச்சான், நம் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுகிற திடலான காமன் பொட்டலில்தான். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுவார்களே, நினைவிருக்கிறதா? வேசம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். பகலில் மலையில் வேலை, இரவில் ஆட்டம். பனி இறங்கினால் தப்பு என்கிற பறையின் தோல் தளர்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, அந்தக் கணீர் சத்தம் வந்த பிறகுதான் அடிப்பார்கள். அது வரைக்கும் கூட்டம் பேசாமல் காத்திருக்கும்.

தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்த கதை எல்லோருக்கும் தெரியும். மாயவரத்துக்குப் பக்கத்தில் திருக்குறுக்கையில் அது நடந்ததாகச் சொல்வார்கள், சிவனின் வீரச் செயல்கள் நடந்த எட்டு இடங்களான அட்ட வீரட்டத் தலங்களில் அதுவும் ஒன்று. ஆனால் நம் கூத்து எரிப்போடு நிற்பதில்லை. எரித்த பிறகுதான் ரதி வருகிறாள். ரதி வேசம் கட்டியவன் பக்கத்து லயத்து, அதாவது பக்கத்து வரிசை வீட்டுப் பையன் என்று தெரிந்தும், அவன் ஒப்பாரி வைக்கும்போது கொழுந்தெடுக்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். பாதிப் பேர் தங்கள் வீட்டுச் சாவை நினைத்துத்தான் அழுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த அழுகைக்கு இரங்கி, எரித்த அதே சாமி உயிரைத் திருப்பித் தருகிறார். ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி. முழுதாகத் திரும்பக் கிடைக்கவில்லை, ஆனாலும் கிடைத்தது. இழவைப் பார்த்தவர்களுக்கு இது பொய்யாகத் தோன்றாது.

தீயும் அருளும் ஒரே ஆளிடமிருந்து வருகின்றன என்பதை நம் சனங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, ஆடியும் அழுதும் தெரிந்துகொண்டார்கள். சிதம்பரம் கோபுரத்தில் 108 கரணங்களை, அந்த ஆட்ட நிலைகளை, செதுக்கி வைத்தவர்களுக்கும், தப்போடு கடல் தாண்டி இந்த மலைக்கு வந்தவர்களுக்கும் ஆட்டம் என்பது பூசைதான். அதனால்தான் காமன் கூத்தைக் கிராமியக் கலை என்று விழா மேடையில் ஏற்றி, கால்மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. காப்பும் இல்லை, கம்பமும் இல்லை, விரதமும் இல்லை. மிச்சம் என்ன இருக்கிறது, வேசம்தானே?

பரதத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிள்ளை சலங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டுவதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பக்தி அவளிடம் இருக்கிறது. ரதியையும் ஒருமுறை பார்த்துவிட்டால் அவள் ஆட்டம் இன்னும் ஆழமாகும் என்று படுகிறது.

வருகிற மாசியில் அவளையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. குளிர் உடுப்பு மறக்காதே, விடிய விடிய வெளியில் இருக்க வேண்டி வரும். அரங்கேற்றத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு வருகிறோம், தேதியை மட்டும் முன்கூட்டியே எழுது, லீவு போட வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்