ஏற்றாமல் திரும்பிய விளக்கு: திருமண அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பதிவு அலுவலகங்களில் சிறப்புத் திருமணச் சட்டப்படி திருமணம் நடத்தி வைக்கும் அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நான் நாகப்பட்டினம் பக்கத்து ஊர்க்காரி. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். போன மாதம் என் மகளுக்கு உங்கள் அலுவலகங்களில் ஒன்றில் திருமணம் நடந்தது. எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. ஒருவரை மாட்டிவிட்டு ஆறுதல் தேடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அன்றைக்கு நடந்ததை விழுங்கிக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மணமக்கள் தங்களுக்குப் பிடித்த எந்த முறையிலும் திருமணம் செய்துகொள்ளலாம். உங்கள் அலுவலகத்திலும் செய்யலாம். கூடுதல் கட்டணம் கட்டினால், நியாயமான தூரத்துக்குள் அவர்கள் விரும்பும் வேறு இடத்திலும் செய்யலாம். கட்டாயம் என்று இருப்பது ஒன்றுதான். உங்கள் முன்பும் மூன்று சாட்சிகள் முன்பும், தங்களுக்குப் புரிகிற மொழியில், 'உன்னை என் சட்டப்படியான மனைவியாக, கணவனாக ஏற்கிறேன்' என்று ஒருவருக்கொருவர் வாயால் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவில் எழுதியிருப்பதை எழுதியபடி நடத்திக் கொடுங்கள். என் கோரிக்கை அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டார் கத்தோலிக்கர். ஆயரிடம் அனுமதி வாங்கி மாதா கோயிலில் வைக்கலாம் என்றார்கள். அதற்கு, பிறக்கும் பிள்ளைகளைத் தன் மதத்தில் வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாக மாப்பிள்ளை வாக்குக் கொடுக்க வேண்டும். "இன்னும் பிறக்காத பிள்ளைக்காக நான் எப்படி வாக்குக் கொடுப்பது?" என்று கேட்டார் அந்தப் பிள்ளை. ஐயர் வைத்துச் செய்ய என் மகளுக்கும் மனமில்லை. அதற்காக இரண்டு வீட்டிலும் யாரும் சாமியை விட்டுவிடவில்லை. நாகூரில் முடி இறக்கி, வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி நேர்ந்து, சிக்கல் முருகனுக்குக் காணிக்கை முடிந்து வைக்கிற ஊர் எங்களுடையது. நாகூர் தர்காவின் பெரிய மினாராவே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது.

அதனால் எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல், தினமும் செய்வதிலிருந்தே திருமணத்துக்கான சடங்கைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அந்தி சாயும்போது என் மாமியார் மாடத்தில் விளக்கேற்றுவார். அதே ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் சம்பந்தியம்மா கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு மூவேளைச் செபம் சொல்வார். சற்று நேரத்தில் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்கும். பக்கத்து வீட்டுப் பாய் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்குவார். இத்தனை வருடம் அதே தெருவில் இருந்தும் இந்த மூன்றையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. பார்த்தது என் மகள்தான்.

பாட்டி விளக்கேற்ற வேண்டும், சம்பந்தியம்மா செபம் சொல்ல வேண்டும், பாய் தர்காவில் பாத்திஹா ஓதிய சர்க்கரையை இருவர் கையிலும் வைக்க வேண்டும், பிறகு சட்டம் சொல்லும் அந்த வரி. இரு வீட்டாரும் ஆளுக்கொரு தங்கக் குண்டு கொடுத்துக் கோத்த மஞ்சள் கயிறு. மொத்தம் பத்து நிமிடம்.

அந்தியில் எங்கள் வீட்டுக்கு வந்து நடத்தித் தர முடியுமா என்று முதலில் கேட்டோம். வீடு இரண்டு கிலோமீட்டர்தான். "அந்த வழக்கமெல்லாம் இல்லை" என்றார்கள். சரி, காலையிலேயே அலுவலகத்தில் வைத்துக்கொள்கிறோம் என்று இறங்கி வந்தோம்.

என் மாமியாருக்கு 84 வயது. தன் கல்யாணத்துக்குச் சீராக வந்த காமாட்சி விளக்கைப் புளி போட்டுத் துலக்கி, திரி போட்டு, மஞ்சப்பையில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். பத்திரக் கட்டுகள் இருக்கும் இடத்தில் தீ கூடாது என்றார்கள். அது நியாயம், ஒத்துக்கொண்டோம். ஏற்றாமல் மேசை ஓரத்தில் வைக்கிறோம், ஒரு பூ மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்றோம். "இது கல்யாண மண்டபம் இல்லம்மா. கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது, கெளம்புங்க" என்று பதில் வந்தது. அவர் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கையெழுத்து முடிந்தது. அந்த வரியைச் சொல்லுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்லாமல் திருமணம் முழுமையாகாது என்று உங்கள் சட்டமே சொல்கிறது. என் மகள் நகராமல் நின்று தானாகச் சொன்னாள். அலுவலர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. மாப்பிள்ளை சொல்லும்போது அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மஞ்சள் கயிறை வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில், வேப்பமரத்தடியில் கட்டினார். விளக்கு போன மாதிரியே மடியில் திரும்பி வந்தது. வழி முழுக்க மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு முன், பிள்ளைகளின் திருமண அறிவிப்பு உங்கள் அலுவலகப் பலகையில் தொங்கிய 30 நாளை எப்படிச் சொல்வது? பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் ஒட்டியிருந்தது. முன்பின் தெரியாத இரண்டு பேர் வாசலில் வந்து நின்று, "தெரிஞ்சுதான் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். மாதா கோயிலிலும்தான் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கிறார்கள். ஆனால் அதைக் கேட்பவர்கள் அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர்கள். உங்கள் பலகையைப் படிக்க வருபவர்கள் யார்? அறிவிப்பை ஒட்டுவதா வேண்டாமா என்பதை 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் மணமக்களின் விருப்பத்துக்கே விட்டது. இங்கே அதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆற்றாமையில் வேறு பக்கம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

12-ஆம் பிரிவு உங்கள் கையில்தான் இருக்கிறது. ஐயர் இல்லாமல், மாலை மாற்றினாலே திருமணம் என்று 1967-இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்புத் தந்த மாநிலம் இது. அந்தத் திருத்தமும் இருவருமே இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். எங்கள் பிள்ளைகளைப் போல இரு மதத்தவர், மதம் மாறாமலும் எந்த மதத்தின் நிபந்தனைக்கும் உட்படாமலும் சேர வேண்டுமென்றால் உங்கள் மேசைக்குத்தான் வர வேண்டும். அவர்களுக்கு மணமேடை அதுதான்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். எந்த முறையில் செய்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று மணமக்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். பத்து நிமிடமும் ஒரு மூலையும் ஒதுக்குங்கள். வெளியிடத்தில் கேட்டால், கட்டணம் இவ்வளவு என்று சொல்லி நாள் கொடுங்கள். அந்த ஒரு வரியை அவர்கள் சொல்லும்போது தயவுசெய்து நிமிர்ந்து பாருங்கள்.

நாங்கள் கிளம்பும்போது பலகையில் இன்னும் இரண்டு ஜோடிகளின் அறிவிப்பு இருந்தது. அவர்களுடைய 30 நாள் இந்நேரம் முடிகிற கணக்கு. அவர்களோடு வயதான யாராவது வந்தால், உட்கார ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மணமகளின் அம்மா