கேட்காமல் குறைத்த கடன் வரம்பு: நான்காவது புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், கிரெடிட் கார்டு பிரிவு
பொருள்: வரம்பைப் பழையபடி ஆக்குவதும், கடன் அறிக்கையைத் திருத்துவதும்

ஐயா / அம்மையீர்,

இதே விஷயத்தை உங்களுக்கு நான்காவது முறையாக எழுதுகிறேன். முந்தைய மூன்றுக்கும் "தங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது" என்று பதில் வந்தது. என் பக்கத்தில் தீர்ந்துபோனது பொறுமை மட்டும்தான்.

பதினொரு ஆண்டுகளாக என்னிடம் இருப்பது உங்களுடைய இந்த ஒரே கார்டு. ஒரு மாதமும் கெடு தவறியதில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மீதியைத் தள்ளிப்போட்டதும் இல்லை. வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் செலவழியுங்கள், கடன் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண்) நன்றாக இருக்கும் என்று நீங்களே மின்னஞ்சலில் ஓயாமல் உபதேசம் செய்கிறீர்கள். நான் 15 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குத் தண்டனையாக, "பயன்பாடு குறைவு" என்று சொல்லி வரம்பை ஐந்தில் ஒரு பங்காக வெட்டிவிட்டீர்கள். செலவு அதே செலவுதான். ஆனால் 15 சதவீதம் ஒரே இரவில் 75 ஆகிவிட்டது. இப்போது என் கடன் அறிக்கையைப் பார்ப்பவருக்கு நான் கழுத்துவரை கடனில் நிற்கும் ஆள். ஸ்கோர் 58 புள்ளி சரிந்தது. கையெழுத்துப் போடும் நிலையில் இருந்த வீட்டுக் கடனை "கொஞ்சம் பொறுங்கள்" என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். பதினொரு ஆண்டு ஒழுக்கம் ஒரே மாதத்தில் நாசம்.

"உங்கள் கடன் வரம்பு மாற்றியமைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. கூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து மகிழ்ந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒருவர் வந்தார். "சார், நீங்கள்தான் செலவே செய்வதில்லையே, உங்களுக்கு எதற்கு இவ்வளவு லிமிட்?" என்றார். பக்கத்தில் யாரோ சிரித்ததும் கேட்டது. "பில்லை முழுவதும் கட்டுகிறீர்கள் என்றால் ஸ்கோர் எப்படிக் குறையும்?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். பில் போடும் தேதியில் இருக்கும் பாக்கியைத்தான் பொதுவாகக் கடன் அறிக்கை தயாரிக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள், நான் அதற்குப் பிறகு முழுவதும் கட்டினாலும் அந்த மாத அறிக்கையில் 75 தான் நிற்கும் என்று, கார்டு விற்கும் உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியிருந்தது. இப்போது பில் தேதிக்கு மூன்று நாள் முன்பே பணத்தைக் கட்டிச் சமாளிக்கிறேன்.

கிளைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, "கார்டு எங்களிடம் இல்லை, போனில் பேசுங்கள்" என்றார்கள். போனில் பேசினால் கிளைக்குப் போகச் சொல்கிறார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த அழைப்பின் பதிவை நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும், "பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்!

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். பழைய வரம்பைத் திருப்பித் தாருங்கள் என்றுதான் நான் எழுதிக் கொடுத்தேன். அதை வரம்பு உயர்த்தக் கோரும் புதிய விண்ணப்பமாகப் பதிந்து, என் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்து, அப்படிப் பார்த்ததை நானே புதுக் கடன் கேட்டதுபோல ஒரு விசாரணையாக என் பெயரில் ஏற்றிவிட்டு, கடைசியில் "கடன் பயன்பாடு அதிகம்" என்று நிராகரித்திருக்கிறீர்கள். அதிகமாக்கியது யார்?

கார்டை மூடிவிடுவேன் என்று மிரட்டக்கூட வழியில்லை. மூடினால் என் பெயரில் நடப்பில் இருக்கும் ஒரே கடன் கணக்கும் போய்விடும், நஷ்டம் எனக்கே. அது தெரிந்துதான் இப்படி நடத்துகிறீர்களோ என்னவோ.

தயவுசெய்து பழைய வரம்பை உடனே திருப்பித் தாருங்கள். நான் கேட்காத அந்த விசாரணைப் பதிவை நீக்கச் சொல்லி, கடன் தகவல் நிறுவனத்துக்கு நீங்களே எழுதுங்கள். வரம்பை வெட்டும் முன் எனக்கு ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் வேண்டும். 15 நாள் பொறுத்திருப்பேன். அதன் பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போவேன். குறுஞ்செய்தி, டோக்கன் சீட்டு, உங்கள் மூன்று பதில்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் அழைக்க வேண்டாம். அழைத்தே தீருவீர்கள் என்றால், அந்தச் "செலவே செய்வதில்லையே" மனிதர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
பதினொரு ஆண்டு வாடிக்கையாளர்