பி.எட். பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பும் முன்

காரப்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தாருக்கும், சென்னையில் பி.எட். கல்லூரிகளை நடத்தும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வழிகாட்டி ஆசிரியரும் நான்தான். எதைப் பார்த்து அவர்களை எங்களிடம் அனுப்புகிறார்கள் என்பது பற்றித்தான் இந்த மடல்.

2015இல் பி.எட். இரண்டு வருடப் படிப்பானது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைப்படி 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும்: முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. மற்ற பாடங்களுக்கு 80 சதவீத வருகை போதும், பள்ளிப் பயிற்சிக்கு 90 வேண்டும். நல்ல விதிதான். வருகையை இவ்வளவு கறாராகக் கேட்கிறோமே, அந்த 16 வாரத்துக்குள் நுழைய அந்தப் பிள்ளை தயாரா என்பதையும் அதே கறாரோடு கேட்க வேண்டாமா?

வருகிறவர்களின் கையில் கல்லூரிக் கடிதம் இருக்கிறது, அட்டை போட்ட ரெக்கார்டு இருக்கிறது, தெர்மாகோல் மாடல் இருக்கிறது. ராத்திரி கண் விழித்துச் செய்தது என்று பார்த்தாலே தெரியும். அப்படி வந்த ஒரு பெண் ஏழாம் வகுப்பில் (−3) × (−4) = 12 என்று போர்டில் எழுதினாள். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, “மைனஸும் மைனஸும் சேர்ந்தா எப்படி மிஸ் பிளஸ் ஆகும்?” என்றான். “அது ரூல், எழுதிக்கோ” என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு நேரத்தில் அவளை உட்கார வைத்து, (−3) × 2, (−3) × 1, (−3) × 0 என்று வரிசையாக எழுதச் சொன்னேன். −6, −3, 0. ஒவ்வொரு படிக்கும் மூன்று கூடுகிறது. அப்படியானால் (−3) × (−1) என்னவாக இருக்க வேண்டும்? அவளே 3 என்று எழுதினாள். “இதை எங்களுக்கு யாருமே சொல்லித் தரல மிஸ்” என்றாள். மறுநாள் அந்தப் பையனைக் கூப்பிட்டு அவளே விளக்கினாள், அழகாக.

பத்து நிமிட வேலை. அது கல்லூரியில் நடந்திருக்க வேண்டும்.

கல்லூரியில் மைக்ரோ டீச்சிங், அதாவது சின்னப் பாடம் நடத்திப் பழகுவது, செய்கிறார்கள், தெரியும். ஆனால் சக மாணவிகள் குழந்தைகள் மாதிரி நடித்து, சொல்லி வைத்த கேள்வியைக் கேட்டால் அது பழக்கம் ஆகாது. ஆறு முதல் பத்து வரை தன் பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒருவர் விளக்குகிறாரா என்று பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து கேட்கட்டும். தடுமாறினால் ஃபெயில் போட வேண்டாம். இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்து, திரும்பக் கேட்கலாம்.

இதைச் சொன்னதும், சேர்க்கை மதிப்பெண்ணை உயர்த்தலாமே என்று சிலர் கிளம்புவார்கள். கூடவே கூடாது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பெண்களைத்தான் அது வெளியே தள்ளும். என்னிடம் வந்தவர்களில் பிள்ளைகளோடு நன்றாக ஒட்டியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். சேரும்போது வாசல் அகலமாகவே இருக்கட்டும். வகுப்புக்குள் போகும்போது கேளுங்கள்.

அப்புறம் ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் சலுகை கூடாது. குழந்தைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம். சொல்லாமல் விட்டால் தண்டனை உண்டு. இளவயது டீச்சரிடம்தான் குழந்தைகள் மனசு விட்டுப் பேசும். ஒரு குழந்தை வந்து சொன்னால் என்ன செய்வது, குழந்தைகள் உதவி எண் 1098 எதற்கு என்பது தெரியாத ஒருவரையும் எங்கள் வகுப்புக்கு அனுப்பாதீர்கள்.

பள்ளி தேடும் வேலையையும் அவர்கள் தலையில் கட்ட வேண்டாம். கடிதத்தை எடுத்துக்கொண்டு பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் வெயிலில் அலைந்து, ஹெச்.எம். அறை வாசலில் நிற்கிறார்கள். கல்லூரியே பள்ளியோடு பேசி முடிவு செய்ய வேண்டியது அது.

அடுத்த குழு கிளம்பும் முன் அந்தக் கேள்வி நேரத்தை வையுங்கள். சனிக்கிழமையானால் நானே வந்து உட்காருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். எங்கள் பள்ளியில் அறிவியல், தமிழ் டீச்சர்களும் வரத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வழிகாட்டி ஆசிரியை