மூன்றாம் ஃபாரத்தை மீட்டுக் கொடுத்த அக்காவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று இரவு ஒன்பது மணிக்குக் கடைசிப் பிரதியும் தைத்து முடிந்தது. 300 பிரதிகள் என்று சொல்லியிருந்தோம், 262 வந்திருக்கிறது. அதில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். புத்தகத்தின் முதுகில் தடவிய மைதாப் பசை இன்னும் முழுசாகக் காயவில்லை. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த அந்தப் பசையின் வாசனை விரலில் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது.

மிக்ஜாம் புயல் வாரத்தில் எங்கள் புத்தகத்துக்கு என்ன ஆனது என்று உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும். உங்கள் வீட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தபோதே எங்களுக்கு போன் செய்து "தாள் எல்லாம் பத்திரமா?" என்று கேட்டவர்கள் நீங்கள். அதனால் அந்தக் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. நெஞ்சு நிறைந்திருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நன்றி அக்காவுக்கு.

திருவல்லிக்கேணியில் நாங்கள் அச்சுக்குக் கொடுத்த பிரஸ்ஸின் பின்கட்டில் பைண்டிங் நடக்கிறது. அங்கே ஃபாரம் மடிக்கிறவர் அக்கா. அவர் பெயரைப் புத்தகத்தில் போட்டிருக்கிறோம். இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

ஒரு பெரிய தாளில் முன்னும் பின்னும் எட்டெட்டுப் பக்கங்கள் அச்சடித்து, அதை மூன்று முறை மடித்தால் 16 பக்கம். அது ஒரு ஃபாரம். எங்கள் புத்தகம் நான்கு ஃபாரம், 64 பக்கம். பதினோரு பேர் சேர்ந்து, 2023-லிருந்து 2123 வரை சென்னை எப்படியெல்லாம் ஆகலாம் என்று வரைந்தும் எழுதியும் பார்த்தோம். பக்க எண் கிடையாது. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆண்டு இருக்கும். 2031-க்கு அடுத்த பக்கம் 2110, அதற்கு அடுத்தது 2058. வரப்போகும் காலம் வரிசையில் நின்று வராது என்று எங்களுக்குத் தோன்றியது. அந்த யோசனை வந்த இரவு எங்களுக்குத் தூக்கமே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

முதல் ஃபாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, புரட்டிப் பார்த்து, "இதுல எது முன்ன, எது பின்ன?" என்று கேட்டார். மடிக்கிறவர்கள் ஒரு பக்க எண்ணின் மேல் இன்னொரு பக்க எண் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துத்தான் மடிப்பார்கள் என்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய பிடிமானத்தை எங்கள் அழகுக்காகப் பிடுங்கியிருந்தோம். மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, படத்தை வச்சு மடிச்சுக்கறேன்" என்றார். அப்புறம் மூங்கில் பத்தையை எடுத்தார். தேய்ந்து தேய்ந்து தந்தம் போல வழவழப்பான பத்தை அது. ஒரு இழுப்பு, தாளைத் திருப்பி இன்னொரு இழுப்பு. "கொக்கு வெளிய, தோணி உள்ள" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே மடித்தார். இரண்டாம் ஃபாரம் முடிவதற்குள் எந்தப் பக்கத்துக்கு எதிரே எந்தப் பக்கம் வரும் என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பிறகுதான் மழை.

தெருவில் தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது மூன்றாம் ஃபாரம் ஒரே கட்டையாக இருந்தது. கரண்ட் இல்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்படிச் சொன்னவர்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அதுதான் தோன்றியது. திரும்ப அச்சடிக்கப் பணம் இல்லை. தாள் வாங்கிய பணமே மூன்று மாதம் ஸ்க்ரீன் பிரின்டிங்கில் வாழ்த்து அட்டை அடித்து விற்றுச் சேர்த்தது. கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்த ஓவியர்கள் பத்திக் துணி விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கதையை எங்கள் சார் சொல்லிச் சொல்லித்தான் அந்த அட்டைகளை அடிக்கவே ஆரம்பித்தோம். இன்னொரு மூன்று மாதம் எங்களிடம் இல்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஈரக் கட்டிலிருந்து ஒரு கைப்பிடி கனத்துக்குத் தாள்களை எடுத்து என் முன்னால் வைத்து, "உக்காரு. இந்த மூலையிலேர்ந்து பிரி. இழுக்காதே, ஊதிப் பிரி" என்றார்.

உட்கார்ந்தேன். மூலையில் நகத்தை நுழைத்து மெல்ல ஊதினால் தாளுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு குமிழ் எழுகிறது. அந்தக் குமிழை உள்ளங்கையால் நகர்த்திக்கொண்டே போனால் தாள் தானாக விட்டுக்கொடுக்கிறது. "ஆர்ட் பேப்பரா இருந்தா கல்லாப் போயிருக்கும். மேப்லித்தோ, தப்பிச்சுது" என்றார். மேப்லித்தோ என்பது பளபளப்புப் பூச்சு இல்லாத சாதாரண அச்சுத் தாள். நடுவில் வைக்கப் பழைய நியூஸ் பேப்பரை எடுத்தேன். வேண்டாம், அதன் மை ஒட்டும் என்று வாங்கி வைத்துவிட்டு, கட்டிங் மெஷினில் விழுந்த வெள்ளைத் துண்டுகளை மூட்டையோடு கொண்டுவந்தார். ஈரத் தாள், வெள்ளைத் தாள், ஈரத் தாள், வெள்ளைத் தாள். காலையும் மாலையும் வெள்ளைத் தாள்களை மாற்ற வேண்டும். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும், நிழலில்தான் காய வேண்டும். ஃபேன் ஓடாததால் ஆளுக்கு ஓர் அட்டையை எடுத்து விசிறினோம். கடைசியில் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே ரீம் ரீமாகத் தாளை ஏற்றிக் கனம் கொடுத்தோம். நான்கு நாள் இதேதான். 320 தாளில் 262 பிழைத்தது.

அந்த நான்கு நாளும் அக்காவின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நின்றிருக்கிறது. அவர் சொல்லவே இல்லை. ஐந்தாம் நாள் பிரஸ் ஓனர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். கேட்டதற்கு, "அங்கயும் உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருக்கணும்" என்றார். காசு கொடுத்தபோது மடித்ததற்கு மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காயப்போட்டதற்கெல்லாமா காசு என்று கேட்டார்.

நான் எழுத நினைத்தது இதைவிடச் சின்ன விஷயம் ஒன்றை.

மூன்றாம் நாள் தாள் பிரித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் கையில் எங்கள் பக்கிங்ஹாம் கால்வாய்ப் படம் வந்தது. 2096. இன்றைக்குக் கால்வாய்க்குள் நிற்கிற பறக்கும் ரயில் தூண்களில் எல்லாம் கொடி படர்ந்திருக்கும். கீழே தெளிந்த தண்ணீர். அதில் நீளமாக ஒரு படகு, பெஞ்சுகளில் பயணிகள், கூரையில் செடிகள். எங்கள் எல்லோருக்கும் பிடித்த பக்கம் அது. அக்கா ரொம்ப நேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு. இந்தப் படகை யார் ஓட்டறது?"

"அது தானாவே ஓடும் அக்கா."

"அப்போ கழுவறது?"

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த தாளைப் பிரிக்கப் போய்விட்டார்.

அன்று இரவு 64 பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். மரம் இருக்கிறது, பறவை இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததை வைத்து, பறவைகளே ஊராட்சி நடத்துவதாக ஒருவன் அருமையாக எழுதியிருக்கிறான். மனிதர்களும் இருக்கிறார்கள். நடக்கிறார்கள், உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். ஆனால் வேலை செய்கிற கை ஒன்றுகூட இல்லை. நூறு வருடத்தை நினைத்துப் பார்த்த பதினோரு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. புத்தகம் முழுவதையும் எங்களுக்கு முன்னால் கையால் தொட்டுப் பார்த்த முதல் வாசகருக்கு அந்தப் புத்தகத்துக்குள் இடமில்லை.

அந்தக் கால்வாய் எப்படி வந்தது என்பது எங்கள் குறிப்பேட்டிலேயே இருந்தது. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877, 78-ல், பட்டினியால் வாடிய மக்களுக்கு நிவாரணக் கூலி கொடுத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். பெயர் மட்டும் அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போனது. வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை. படம் வரைவதற்கு முன் இதையெல்லாம் படித்திருந்தோம். படித்துவிட்டும், அதே தண்ணீரில் ஆளே இல்லாத படகை விட்டோம். இதை எழுதும்போது மனசு வலிக்கிறது. கேட்டதற்கு நன்றி அக்கா. தாளைக் காப்பாற்றிக் கொடுத்ததைவிட இதற்குத்தான் நாங்கள் அதிகம் கடமைப்பட்டிருக்கிறோம்.

உள்பக்கங்கள் அச்சாகிவிட்டதால் அட்டையின் உள்புறத்தில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து அக்காவின் பெயரைப் பதித்தோம். என் பெயர் மட்டும் வேண்டாம், கூட மடிக்கிற இரண்டு பேர், கட்டிங் போடுகிறவர், மெஷின் ஓட்டுகிற தம்பி எல்லோரையும் போடு என்றார். போட்டிருக்கிறோம். அக்கா ஐந்து பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்து, ஒன்றில் விட்டுப்போன புள்ளியைப் பேனாவால் வைத்துக் கொடுத்தார். அதைப் பார்த்தே மற்ற 261 பிரதிகளிலும் நாங்கள் புள்ளி வைத்தோம்.

இன்னும் எத்தனையோ பேர். நான்காம் ஃபாரத்துக்கு மெஷின் கூலி வாங்காத ஓனர் அண்ணன். பலகைகளைக் கொடுத்து, எப்போது திருப்பித் தருவீர்கள் என்று இன்றுவரை கேட்காத பிரின்ட்மேக்கிங் சார். லினோ அச்சில் அடித்த புத்தக அட்டைகள் 300-ஐயும் தன் வீட்டு மாடியில் கயிறு கட்டி க்ளிப் போட்டுக் காப்பாற்றிய தோழியின் அம்மா. முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்த ஆட்டோ அண்ணன். கடனில் டீ கொடுத்த கடைக்காரர். பிழை திருத்திய சீனியர்கள். முன்பணம் கட்டிவிட்டு, புத்தகம் தாமதமானால் பரவாயில்லை, முதலில் சாப்பிடுங்கள் என்று செய்தி அனுப்பிய நீங்கள் எல்லோரும். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத வேண்டும். எழுதுவோம்.

எண்ணூரிலிருந்து வரும் எங்கள் தோழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் கறுப்புத் தண்ணீர் ஏறி வருவதாக அவள் வரைந்த பக்கத்தில் 2071 என்று இருக்கும். அதுவும் மூன்றாம் ஃபாரத்தில்தான் இருக்கிறது. நாங்கள் தாள் காயவைத்துக்கொண்டிருந்த அதே டிசம்பரில் அந்தக் கறுப்பு, எண்ணெய்க் கசிவாக அவள் ஊருக்கு வந்துவிட்டது. படகு, வலை, சுவர் எல்லாம் கறுப்பு. அப்படியும் அவள் இரண்டு நாள் பிரஸ்ஸுக்கு வந்து தாள் பிரித்தாள். ஆண்டை மாற்றி அச்சடிக்கலாமா என்று கேட்டோம். "இருக்கட்டும், 2071-லயாவது வராம இருக்கணும்" என்றாள். அதனால் அந்தப் பக்கத்தில் கை வைக்கவில்லை.

அடுத்த புத்தகத்தைப் பற்றிப் பதினோரு பேரும் சேர்ந்து எடுத்த முடிவை இங்கே எழுதி வைக்கிறேன். எழுதி வைத்தால் மாற மாட்டோம். ஒரு முழு ஃபாரம், 16 பக்கம், பின்கட்டில் வேலை செய்கிறவர்களுக்கு. அவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் வரைவோம், அவர்களே வரைந்தால் இன்னும் நல்லது. வெறும் 16 பக்கமா என்று ஒருவன் தயங்கினான். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே 16 பக்கம்தான் என்று சார் சொன்னார். அக்காவிடம் நூறு வருடம் கழித்து என்ன இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அப்புறம், பக்க எண் போடுவீங்களா என்று கேட்டார். போடுகிறோம் அக்கா. ஆண்டும் இருக்கும், எண்ணும் இருக்கும்.

பிரதி கேட்டவர்களுக்கு ஒரு விஷயம். மூன்றாம் ஃபாரத்தின் கீழோரம் லேசாக அலை அலையாக இருக்கும். சில பிரதிகளில் பழுப்பாக ஒரு நீர்க்கோடும் தெரியும். விரலால் தடவினால் அந்த 16 பக்கம் மட்டும் தனியாகக் கைக்குத் தட்டுப்படும்.

300 அட்டை அடித்ததில் 38 மிச்சமிருக்கிறது. அக்காவின் தெருவில் பிள்ளைகளின் நோட்டெல்லாம் தண்ணீரில் போய்விட்டதாம். தாள்களுக்கு நடுவே வைத்து ஈரம் உறிஞ்சிய வெள்ளைத் துண்டுகளில் பெரியவை இப்போது நன்றாகக் காய்ந்திருக்கின்றன. அவற்றை அளவாக வெட்டி, இந்த 38 அட்டைக்குள் வைத்து நோட்டாகத் தைத்துவிடலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பின்கட்டில் உட்காருகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள். நூல் இருக்கிறது, ஊசி மட்டும் கொண்டு வாருங்கள்.