தேடிப் பார்ப்பவருக்கும் ஒரு நெறி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை தேடும் இளைஞர்கள் சமூக ஊடகங்களில் எதைப் பதிவிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று எடுத்துரைக்கும் கட்டுரையொன்று தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்தது. அதில் சொல்லப்பட்டவை யாவும் சரியே. ஆனால் பதிவிடுபவரின் பொறுப்பை அத்தனை விரிவாகப் பேசிய கட்டுரை, அப்பதிவுகளைத் தேடிப் படித்து வேலை தருவதா மறுப்பதா என்று முடிவு செய்பவரின் பொறுப்பைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கோவையில் பொறியியல் தொழிற்சாலைகளின் பணியாளர் துறையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

விண்ணப்பம் வந்தவுடன் பெயரைக் கூகுளிலும் லிங்க்ட்இன்னிலும் ஃபேஸ்புக்கிலும் இட்டுப் பார்ப்பது இன்று பல அலுவலகங்களில் எழுதப்படாத வழக்கமாகிவிட்டது. முன்னனுபவத்தைச் சரிபார்க்கும் அளவோடு நின்றால் அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தேடுபவர் கண்ணில் படுவது அது மட்டுமல்ல. குலதெய்வக் கோயில் திருவிழாப் படம், உறவினர் யாரோ பகிர்ந்த கல்யாணப் பத்திரிகை, சாதிச் சங்க மாநாட்டுப் பந்தலில் மாமாவோடு எடுத்துக்கொண்ட படம் ஆகியவற்றிலிருந்து ஒருவருடைய சாதியும் மதமும் அரசியல் சார்பும் சில நிமிடங்களில் தெரிந்துவிடுகின்றன. நேர்காணலில் முகத்துக்கு நேரே கேட்கக் கூசும் கேள்விகளுக்கெல்லாம் கேட்காமலேயே விடை கிடைத்துவிடுகிறது. நிச்சயதார்த்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் அடுத்த ஆண்டே பேறுகால விடுப்புக் கேட்பார் என்று கணக்குப் போடும் மேலாளர்களையும் நான் அறிவேன். சட்டப்படி அந்த விடுப்பையும் சம்பளத்தையும் கோருவதற்கு ஒருவர் வேலையில் சேர்ந்து குறைந்தது 80 நாள் பணியாற்றியிருக்க வேண்டும்; நேர்காணலுக்கே அழைக்கப்படாத பெண் யாரிடம் போய் முறையிடுவார்? தாம் ஏன் அழைக்கப்படவில்லை என்பதே அவருக்குத் தெரியாது.

நம் மாநிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பெயரும் தலைப்பெழுத்தும்தான். சான்றிதழில் கே. கார்த்திக் என்றிருப்பவர் ஒரு தளத்தில் கார்த்திக் கே என்றும், மற்றொன்றில் தந்தை பெயரை விரித்தெழுதியும் இருப்பார். அதே பெயரில் அதே ஊரில் வேறு பலரும் இருப்பார்கள். யாரோ ஒரு கார்த்திக் வசைமொழியில் எழுதிய பதிவுக்காக இந்தக் கார்த்திக்கின் விண்ணப்பம் ஓரங்கட்டப்பட்டால், அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு இன்று எந்த வழியும் இல்லை.

சட்டம் காப்பாற்றும் என்று நம்புவோரும் இருக்கிறார்கள். தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்ததும், அதன் தொடர்ச்சியாக 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் உண்மைதான். ஆனால் ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வெளியிட்ட தரவுக்குத் தான் பொருந்தாது என்று அச்சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது. சமூக ஊடகத்தில் தம் கருத்துகளை எழுதும் ஒருவரைத்தான் அதற்கு உதாரணமாகவும் காட்டுகிறது. போதாததற்கு, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காக ஒப்புதல் பெறாமலே தரவைப் பயன்படுத்த 7ஆம் பிரிவு இடமளிக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோதும், நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. ஆக, நாம் பேசும் இந்த விஷயத்தில் சட்டம் முழுமையாக வந்த பிறகும் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை.

ஏற்கெனவே வேலையில் இருப்போருக்கு நீதிமன்றங்கள் ஓரளவு துணை நின்றிருக்கின்றன. முகநூல் பதிவைக் காரணம் காட்டி அரசு ஊழியர் ஒருவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்ட வழக்கில், அரசுப் பணியில் சேர்ந்ததாலேயே ஒருவர் கருத்துரிமையை இழந்துவிடுவதில்லை என்று திரிபுரா உயர் நீதிமன்றம் 2020இல் கூறியது. வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தைக் கடிந்து எழுதியதற்காக வங்கி ஊழியர் ஒருவருக்குத் தரப்பட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023இல் ரத்து செய்தது. நிர்வாகத்தின் மீது ஊழியருக்கு மனக்குறை இருப்பது இயல்பே என்றும் அது குறிப்பிட்டது. ஆனால் இவர்கள் கையில் குறிப்பாணை என்ற ஒரு காகிதம் இருந்தது, அதை வைத்து வழக்குத் தொடர முடிந்தது. விண்ணப்ப நிலையிலேயே கழிக்கப்படுபவரிடம் அதுவும் இல்லை.

அமெரிக்காவுக்கு வேலைக்குச் செல்ல எச்-1பி விசா கோருபவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும் என்ற நடைமுறை 2025 டிசம்பர் 15 முதல் வந்துள்ளது. சென்னையிலிருந்து செல்லும் மென்பொருள் பணியாளர்களையும் இது நேரடியாகத் தொடுகிறது. இதை நான் ஆதரிக்கவில்லை. ஆயினும் பார்க்கப்போகிறோம் என்பதையாவது அமெரிக்க அதிகாரிகள் வெளிப்படையாக அறிவிக்கிறார்கள். நம் நிறுவனங்கள் அதைக்கூடச் செய்வதில்லை.

சமூக ஊடகத்தில் தேடிப் பார்க்கும் வழக்கமுள்ள நிறுவனம் அதை வேலை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். தேடுபவரும் தேர்வு செய்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. பணிக்குத் தொடர்புடைய செய்தி மட்டுமே தேர்வுக் குழுவுக்குச் செல்ல வேண்டும். ஒரு பதிவைக் காரணமாகக் கொண்டு நிராகரிப்பதானால், அதை விண்ணப்பதாரரிடம் காட்டி விளக்கம் கேட்க வேண்டும். இதனால் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது. சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்காமல், வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களிடம் இந்த உறுதியை எழுத்தில் பெறக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளால் இன்றே முடியும். மாணவர்களுக்கு அறிவுரை வழங்கிய தங்கள் இதழ், அடுத்ததாக அந்த நிறுவனங்களின் மனிதவளத் துறைகளிடம் இதைக் கேட்டு, அவர்கள் தரும் பதிலை வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணியாளர் துறை மேலாளர் (ஓய்வு),
கோயம்புத்தூர்.