கார்டை அழித்துவிடாதே

அன்புள்ள முரளிக்கு,

இத்தனை மாதம் பதில் போடாததற்கு நீ திட்ட வேண்டியதை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். என் முதுகுவலியும் நலமாகவே இருக்கிறது.

"வீடியோ எல்லாத்தையும் எம்பி4 ஆக்கிட்டேன், இனி கேமரா கார்டுகளைக் காலி பண்ணிட வேண்டியதுதான்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துப் பதறித்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை ஒன்றிலும் கை வைக்காதே.

நீ அனுப்பிய ஹார்டு டிஸ்க்கைத் திறந்தேன். 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'ஃபைனல்', 'நிஜமான ஃபைனல்'. நீ திருந்தவே மாட்டாய். ஏதோ இலவச கன்வெர்ட்டரில் போட்டிருக்கிறாய். அது தன் பெயரை நம் கேப்டனின் நெற்றியில் ஒட்டிவிட்டது. அவனுக்கு அது வேண்டியதுதான். ஆனால் கேமரா ஏற்கெனவே சுருக்கிப் பதிந்த படத்தை இன்னொரு தடவை சுருக்கியிருக்கிறது பார், அதுதான் வயிற்றெரிச்சல். பின்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

எடிட் செய்யும்போது திணறுகிறது என்றாய். உன் கேமரா எழுதுவது ஏவிசிஎச்டி. 2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த வீடியோ பதிவு முறை. அதில் எல்லா ஃபிரேமும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படமும், முழுசாக இருக்காது. அங்கங்கே ஒன்றுதான் முழுசாக இருக்கும். மற்றவற்றில் என்ன மாறியது என்ற கணக்கு மட்டும். சும்மா ஓட்டிப் பார்க்க அது போதும். எடிட்டிங் டைம்லைனில் நடுவில் எங்காவது போய் நின்றால், அந்த ஒரு ஃபிரேமுக்காகக் கம்ப்யூட்டர் முன்னும் பின்னும் தேடிக் கணக்குப் போட வேண்டும். உன் எம்பி4-உம் உள்ளுக்குள் அதே ரகம். படம் கெட்டதுதான் மிச்சம்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

புரொபசர் பேசுகிற அந்தக் கடைசி நாள் வீடியோ. உன் எம்பி4-இல் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், டக்கென்று ஒரு வெட்டு. அடுத்த நொடி எல்லோரும் சிரிக்கிறார்கள், கேமரா ஆடுகிறது. நல்லவேளையாக அந்த ஒரு கார்டை மட்டும் கேப்டன் அன்றே ஃபோல்டரோடு காப்பி எடுத்து வைத்திருந்தான். அதை வாங்கிப் பார்த்தேன். கார்டில் இருப்பது ஃபாட்32 என்ற ஃபைல் அமைப்பு. ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் நீளமான பதிவைக் கேமராவே துண்டு துண்டாக எழுதும், சில கேமராக்கள் 2 ஜிபியிலேயே. துண்டுகளைத் தனித்தனியாக மாற்றினால் ஒட்டுகிற இடத்தில் ஒரு கணம் விழுங்கப்பட்டுவிடும். முழு ஃபோல்டரையும் எடிட்டிங் மென்பொருளில் கொடுத்தேன், அது தானாகவே சேர்த்துக்கொண்டது. அந்த இடைவெளியில் அவர் நேராகக் கேமராவைப் பார்த்து, "டேய் ஒட்டடை, நீயும் முன்னாடி வாடா" என்கிறார். உன்னைத்தான். கேமரா ஆடியது நீ சிரித்ததால்.

அவர் குரலில் அந்தப் பெயரை இனி வேறெங்கே கேட்கப் போகிறோம், சொல். நான் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஒவ்வொரு கார்டையும் ஃபோல்டர் கலையாமல் அப்படியே இரண்டு டிஸ்க்கில் ஏற்று. வீடியோ இருக்கிற எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பை என்று தள்ளாதே. எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற தகவல் அந்தக் 'குப்பை'யில்தான் இருக்கிறது. படம் வருகிறது, சத்தம் வரவில்லை என்று நீ புலம்பிய இடங்களுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். படத்தைத் தொடாமல் உறையை, அதாவது ஃபைல் வகையை, மட்டும் எம்ஓவி ஆக்கி, சுருக்கிய ஏசி3 ஒலியைச் சுருக்காத பிசிஎம் ஆக மாற்றச் சொன்னால் சில நிமிடத்தில் முடித்துவிடும். படத்தின் தரம் துளியும் குறையாது.

அப்புறமும் திணறினால்தான் எடிட்டிங்குக்கென்றே உள்ள புரோரெஸ் 422 அல்லது டிஎன்எக்ஸ்எச்டி முறைக்கு மாற்று. அவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் தன் காலில் நிற்கும். ஆனால் நொடிக்கு 120 மெகாபிட் அளவில் எழுதும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 55 ஜிபி. உன் லேப்டாப் அதற்குத் தாங்காது, வெளி டிஸ்க் வாங்கு. எடிட்டிங் முடிந்ததும் இந்தப் பிரதிகளைத் தாராளமாக அழிக்கலாம். அழிக்கும் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்.

கையாட்டும்போது விரல் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு தெரிகிறதே, அது பழுதில்லை. கேமரா நொடிக்கு 50 பாதிப் படங்களாகப் பிடிக்கிறது. எடிட் செய்யும்வரை அதை அப்படியே விடு. வெளியே எடுக்கும்போது 50 முழுப் படங்களாக மாற்று. 25 ஆக்கினால் அசைவில் பாதி போய்விடும்.

மினி டிவி (MiniDV) கேமரா டேப்புகள் வேறு கதை. அவற்றைக் கன்வெர்ட் செய்யவே வேண்டாம், ஏற்கெனவே எடிட்டுக்கு ஏற்றவைதான். கேமராவை இணைக்க ஃபயர்வயர் என்ற பழைய வகை போர்ட் உள்ள கம்ப்யூட்டர் வேண்டும், டேப் ஓடுகிற நேரம் முழுக்க உட்கார வேண்டும், மணிக்கு 13 ஜிபி. பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன், டேப்புகளோடு கேமராவையும் அனுப்பு. சார்ஜரை மறக்காதே, போன தடவை நம் ஒட்டகம் செய்த வேலை நினைவிருக்கிறதா?

கார்டுகள் பத்திரம் என்று ஒரு வரி உடனே எழுதிப் போடு.

அன்புடன்,
உன் குண்டூசி