அரசி வருமுன்னே வந்த தேயிலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போர்த்துக்கீசிய இளவரசி கேத்தரின், மன்னர் இரண்டாம் சார்லசை மணந்து 1662-இல் வந்தபோதுதான் இங்கிலாந்துக்குத் தேயிலை அறிமுகமாயிற்று என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் படித்தேன். தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதியே காலம் கழித்தவன் என்ற முறையில், அதில் ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன்.

அரசி கப்பலேறுவதற்கு முன்பே லண்டன் காப்பிக் கடைகளில் தேநீர் கிடைத்தது. 1658-இல் செய்தித்தாளில் விளம்பரமே வந்துவிட்டது. காய்ச்சிய தேநீருக்கு ஒரு கேலனுக்கு 8 பென்ஸ் என்று 1660-இல் வரியும் போட்டார்கள். அதனால் கடைக்காரர்கள் காலையிலேயே காய்ச்சிப் பீப்பாயில் ஊற்றி வைத்து, வரி அதிகாரி அளந்துவிட்டுப் போன பிறகு, கேட்டவர்களுக்கு அதையே மீண்டும் சூடு காட்டிக் கொடுத்தார்களாம். நம் சாலையோர ஒட்டுக்கடைக்காரர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

அப்படியானால் அரசி செய்ததுதான் என்ன? காப்பிக் கடை ஆண்கள் கூடும் இடம். அங்கே தேநீரைப் பெரும்பாலும் மருந்தைப் போலப் புகழ்ந்து விற்றார்கள். பிறந்தகத்துப் பழக்கத்தை விடாத கேத்தரின் அதைத் தம் அந்தப்புரத்தில் அன்றாடப் பானமாக அருந்தவே, அவரைப் பார்த்து அரண்மனைப் பெண்களும், அவர்களைப் பார்த்துப் பிற சீமாட்டிகளும் குடிக்கத் தொடங்கினார்கள். கடையில் இருந்த பானம் வீட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான். அப்போது அது எவ்வளவு அருமையான சரக்கு என்பதற்கு ஒரு கணக்கு: கிழக்கிந்தியக் கம்பெனி 1669-இல் ஜாவாவின் பாந்தம் துறைமுகத்திலிருந்து இறக்குமதி செய்தது 143 ராத்தல், அதாவது ஏறத்தாழ 65 கிலோ. எங்கள் தொழிற்சாலையில் அது இரண்டு சாக்கில் அடங்கிவிடும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சீனத்து மக்காவ் துறைமுகம் வழியாகத் தேயிலையை அறிந்த போர்த்துக்கீசியர் அதைச் 'சா' என்றார்கள். நம் பெரியவர்கள் சொல்லும் 'சாயா'வும் அதற்கு உறவான சொல்தான். ஆங்கிலேயரோ அரசியின் சொல்லை விட்டுவிட்டு, ஹொக்கியன் மொழி பேசும் தென்கிழக்குச் சீனரின் 'தே'யை டச்சு வணிகர் வழியாக எடுத்துக்கொண்டார்கள். நாம் இன்று மலேசியக் கடையில் பாலில்லாத தேநீரை 'தே ஓ' என்று கேட்பதும் அதே ஹொக்கியன் சொல்லைத்தான்.

பின்னாளில் ஆன் அரசியும், விக்டோரியா அரசியின் தோழியாக இருந்த பெட்ஃபோர்டு சீமாட்டியும் இந்த நாகரிகத்துக்கு மெருகேற்றினார்கள் என்பது உண்மையே. ஆனால் சுரங்கத் தொழிலாளியும் நெசவாளியும் அரண்மனையைப் பார்த்துக் குடிக்கவில்லை. விலையைப் பார்த்துத்தான் குடித்தார்கள். நூற்றுக்கு 119 ஆக இருந்த தேயிலை வரியை 1784-இல் பிரதமர் பிட்டின் அரசாங்கம் பன்னிரண்டரையாகக் குறைத்ததும் கள்ளக்கடத்தல் படுத்துப்போனது. நல்ல தேயிலை ஏழை வீட்டுக்கும் எட்டியது. என் தாயார் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, துணி வடிகட்டியில் தூளைப் போட்டுக் கெட்டிப்பால் கலந்து குடித்ததும் எந்த அரசியையும் நினைத்து அல்ல. கைக்கு எட்டிய விலையில் தூள் கிடைத்ததால்தான்.

இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் உங்கள் ஞாயிறு பதிப்பை வெட்டி ஏட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே 1658, 1784 என்ற இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து, வரும் ஞாயிறன்று ஒரு சிறு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
ரிங்லெட், கேமரன் மலை